முழங்கால் தேய்மானம்: மூட்டு மாற்று அறுவைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. ஏழு வருடம் போராடிய பிறகு வலது காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். எக்ஸ்ரேயில் பார்த்தால் இடது கால் வலதுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. ஆனாலும் அது இன்று வரை அவருடைய சொந்த மூட்டுதான், அதை ஊன்றி நன்றாகவே நடக்கிறார். அந்த ஏழு வருடத்தில் நாங்கள் கேட்ட கேள்விகளும், அப்புறம் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. ஆய்வுகளைப் படித்தும், மருத்துவர்களைக் குடைந்து கேட்டும், அம்மாவின் கூடவே இருந்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். எல்லாமே மூட்டுத் தேய்மானத்தைப் பற்றியது. முடக்குவாதம் வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. அதற்கான சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது.

எக்ஸ்ரேயில் நாலாவது ஸ்டேஜ் என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் ஆபரேஷன்தானே?

அவசியம் இல்லை. இந்த ஸ்டேஜ் கணக்கு 1957-ல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தது. சுழியத்திலிருந்து நாலு வரை போகும். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரங்களில் எலும்பு எவ்வளவு முளைத்திருக்கிறது என்பதை வைத்துப் போடுகிற எண் அது. வலி படத்தில் விழாது.

குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. அது தேய்வது நேரடியாக வலிக்காது. வலிப்பது அடியில் இருக்கும் எலும்பு, வீங்கிய உள்சவ்வு, இழுபடும் தசைநார், பலம் போன தசை. அதனால்தான் படத்தில் எலும்போடு எலும்பு உரசுகிற ஒருவர் சந்தைக்குப் போய்வருகிறார், படம் ஓரளவு நன்றாக இருக்கிற இன்னொருவருக்குத் தூக்கம் வருவதில்லை. 45 வயதுக்கு மேல், நடந்தால் வலி, காலையில் எழுந்ததும் இருக்கும் இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால் எக்ஸ்ரே இல்லாமலேயே தேய்மானம் என்று சொல்லலாம் என்கிறது பிரிட்டனின் 2022 மருத்துவ வழிகாட்டி.

சரி, எதை வைத்துத்தான் முடிவெடுப்பது? எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் தூங்க முடிகிறதா, மற்ற வழிகளை ஒழுங்காகச் செய்து பார்த்தாயிற்றா என்பவற்றை வைத்து. படம் அதற்குத் துணை.

தள்ளிப்போட்டால் மூட்டு இன்னும் கெட்டுப்போகாதா?

மெதுவாகத் தேயத்தான் செய்யும். ஆனால் இது ஓடிப்போய்ச் செய்ய வேண்டிய அவசர அறுவை இல்லை. நாலைந்து மாதம் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு வந்தால் அறுவை கைவிட்டுப் போய்விடாது.

இதில் வயதுதான் பெரிய கணக்கு, அதை யாரும் எங்களிடம் முதலில் சொல்லவில்லை. செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. 2019-ல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வின்படி, முழு மூட்டு மாற்றங்களில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாக்குப்பிடிக்கின்றன. நல்ல எண்தான். ஆனால் ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுகிறது என்று 2017 பிரிட்டன் ஆய்வு காட்டியது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது சுமார் 5 சதவீதம். மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினம், பலனும் குறைவு.

ஆகவே 52 வயதுக்காரர் ஐந்து வருடத்தைச் சம்பாதித்தால் அது உண்மையான சம்பாத்தியம். 74 வயதில், வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலையில் தள்ளிப்போடுவதற்கு அந்த நியாயம் பொருந்தாது. கால் வளைந்து, முழுக்க நீட்ட முடியாமல் போய், தசையும் வற்றிய பிறகு போனால் தேறிவரவும் கஷ்டம்.

பிசியோதெரபி போய்ப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே?

இதைச் சொல்லாதவர்களே இல்லை. அம்மாவும் சொன்னார். என்ன செய்தார்கள் என்று கேட்டால், பத்து நாள் படுக்க வைத்துக் கரண்ட் வைத்தார்கள், சூடு வைத்தார்கள் என்பார். அது சுகமாக இருக்கும், ஆனால் தசையை வளர்க்காது. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசையும் இடுப்புத் தசையும். அவற்றுக்கு வேலை கொடுக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் அந்த வேலையைக் கூட்ட வேண்டும், குறைந்தது எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாளில் எந்தத் தசையும் வளராது.

அம்மாவுக்கு உதவிய ஒரே ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். கைப்பிடி இல்லாத, சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலி. அதில் இரண்டு தலையணை வைத்து உயரமாக்கினோம். பாதம் இரண்டையும் ஊன்றி, கையை மார்பில் கட்டிக்கொண்டு, முன்னே சாய்ந்து எழ வேண்டும். பிறகு தொப்பென்று விழாமல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே மெல்ல உட்கார வேண்டும். எழுவதைவிட அந்த மெல்ல உட்காருவதில்தான் பலன் இருக்கிறது. முதல் நாள் நாலு தடவை முடிந்தது, ஐந்தாவதில் தொடை நடுங்கியது. மூன்றாம் வாரம் ஒரு தலையணையை எடுத்தோம். ஆறாம் வாரம் இன்னொன்றையும் எடுத்தோம். பத்தாம் வாரம் கையில் தண்ணீர் பாட்டிலோடு பத்துப் பத்தாக மூன்று சுற்று. இடது கால் தப்பித்தது இந்த நாற்காலியால்தான் என்று நான் நம்புகிறேன்.

"வலித்தால் நிறுத்திவிட வேண்டாமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். பத்துக்கு ஐந்துக்குள் இருக்கிற வலி, மறுநாளைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் பரவாயில்லை. அடுத்த நாளும் கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள்.

டென்மார்க்கில் நடந்து 2015-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அறுவைக்குத் தகுதி என்று மருத்துவர்களே சொன்ன 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு அறுவையோடு பன்னிரண்டு வாரப் பயிற்சித் திட்டம், மீதிப் பேருக்கு அந்தத் திட்டம் மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அறுவை செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் கடுமையான பாதிப்புகள் அறுவை செய்தவர்கள் பக்கம் 24, பயிற்சி மட்டும் செய்தவர்கள் பக்கம் 6. பயிற்சி மட்டும் செய்த 50 பேரில் அந்த ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர். மற்றவர்கள் போகவில்லை.

எடை குறைத்தால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்து சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று பெருக்கிப் பார்த்தால் புரியும். உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களுக்கு வலி நன்றாகவே இறங்குகிறது, அதுவும் பயிற்சியோடு சேர்ந்தால்.

நடக்கவே முடியாதவரிடம் "நடந்து எடையைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். எடை பெரும்பாலும் சாப்பாட்டில்தான் குறையும், நடையில் அவ்வளவு குறையாது. தண்ணீருக்குள் நடப்பது, உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் ஆகியவை முட்டியை வதைக்காது. உடல் பருமன் அதிகமாக இருப்பவர்களுக்கு இப்போது பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு ஊசியும் ஒரு வழியாக வந்திருக்கிறது. பருமனும் முழங்கால் தேய்மானமும் சேர்ந்த 407 பேரிடம் 68 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024-ல் வந்தது. எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களைவிட வலியும் தெளிவாகக் குறைந்தது. அதற்குப் பக்கவிளைவும் செலவும் உண்டு, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாது.

மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு சமாளிக்க முடியாதா?

முதலில் மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லைப் பாருங்கள். முழங்கால் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் அங்கே அது நன்றாக வேலை செய்யும், இரத்தத்தில் கலப்பதும் குறைவு. அது போதாவிட்டால்தான் வலி மாத்திரை, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய், இரத்த அழுத்தம் இருப்பவர்கள் கடையில் தானாக வாங்கிப் போடவே கூடாது. பாராசிட்டமாலின் பலன் இந்த வலிக்கு மிகச் சிறியது. மூட்டுக்கென்று விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டினை 1,583 பேரிடம் சோதித்த 2006 ஆய்வில், மொத்தமாகப் பார்த்தபோது அவை வெற்று மாத்திரையை வெல்லவில்லை. டிரமடால் மாதிரியான அபின் வகை வலி மருந்துகள் தலைசுற்றலையும் பழக்கத்தையும் தரும். வயதானவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் முட்டிவலி சின்ன விஷயமாகிவிடும்.

ஊசி போட்டால் ஆபரேஷன் தேவையில்லை என்கிறார்களே?

அதிகம் விற்கப்படும் நம்பிக்கை இதுதான், அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்டீராய்டு ஊசி உண்மையிலேயே வலியைக் குறைக்கும், சில வாரங்களுக்கு. வீங்கி வலித்து, பயிற்சியே செய்ய முடியாமல் இருக்கும் முட்டிக்கு அது ஒரு கதவைத் திறந்துவிடும். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். திரும்பத் திரும்பப் போடுவதுதான் தப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீதம் இரண்டு வருடம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகமாகக் கரைந்தது, வலியில் வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு ஊசியையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2020 ஆய்வில், ஒரு வருட முடிவில் பிசியோதெரபிதான் முந்தியது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போட்ட சில நாளைக்கு இரத்தச் சர்க்கரை ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஜெல் ஊசி என்று சொல்லப்படும் ஹயலுரானிக் அமிலம், "வண்டிக்கு ஆயில் விடுகிற மாதிரி" என்று சொல்லித்தான் எங்களுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. வலது காலில் போட்டோம், மூன்று வாரம் நன்றாக இருந்தது. 169 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 தொகுப்பு, அதன் பலன் நோயாளி உணரக்கூடிய அளவுக்கு இல்லை என்றது. இயந்திரத்தில் எண்ணெய் தீர்ந்ததால் வந்த நோய் இல்லையே இது.

பிஆர்பி என்பது நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்களைப் பிரித்து முட்டியில் செலுத்துவது. சில சிறிய ஆய்வுகள் பலன் இருப்பதாகச் சொல்கின்றன. 288 பேரிடம், யாருக்கு எது போடப்பட்டது என்று தெரியாதபடி நடத்திய ஆஸ்திரேலிய ஆய்வில் (2021), ஒரு வருடம் கழித்து உப்புநீருக்கும் அதற்கும் வலியிலோ குருத்தெலும்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

மூல உயிரணுக்களைச் செலுத்தும் ஸ்டெம் செல் ஊசிக்குக் கேட்கப்படும் தொகைதான் இருப்பதிலேயே பெரியது. அதைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட 2023 ஆய்வில், ஒரு வருட முடிவில் அதைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. தேய்ந்த குருத்தெலும்பை முளைக்க வைப்பேன் என்று யாராவது உறுதி சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

சின்னத் துளை போட்டு முட்டியைக் கழுவி, கிழிந்த ஜவ்வைச் சீர் செய்தால்?

தேய்மானத்துக்கு அது வேண்டாம். 2002-ல் அமெரிக்காவில் 180 பேரிடம் நடந்த ஆய்வு இதில் முக்கியமானது. சிலருக்கு உண்மையான ஆர்த்ராஸ்கோபி, அதாவது இந்தத் துளைச் சிகிச்சை. சிலருக்குத் தோலில் வெட்டு மட்டும் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் கவனித்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. 2017-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று, தேய்மான முட்டிகளில் இதைச் செய்யாதீர்கள் என்றே பரிந்துரைத்தது. எம்ஆர்ஐயில் "மெனிஸ்கஸ் கிழிசல்" (முட்டி ஜவ்வுக் கிழிசல்) என்று வந்தால் பயந்துவிட வேண்டாம், நடுவயதைத் தாண்டிய பல பேருக்கு வலியே இல்லாமல் அது இருக்கும். முட்டி நிஜமாகவே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றால் அது வேறு விஷயம்.

நரம்பைச் சுட்டு வலியை நிறுத்தலாம் என்கிறார்கள், அது என்ன?

முட்டியைச் சுற்றி வலியைக் கொண்டுபோகும் நுண்ணிய நரம்புகளை ரேடியோ அலைச் சூட்டால் செயலிழக்க வைப்பது. முதலில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சோதிப்பார்கள், அதில் வலி நன்றாகக் குறைந்தால்தான் அடுத்த கட்டம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிலருக்கு நிம்மதி கிடைக்கிறது. நரம்பு திரும்ப வளரும், வலியும் திரும்பலாம். மூட்டுத் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். இதய நோயாலோ வேறு காரணத்தாலோ பெரிய அறுவை தாங்காதவர்களுக்கு நான் இதைத் தயங்காமல் விசாரிக்கச் சொல்வேன். முட்டிக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்களை அடைக்கும் முறையும் வந்துகொண்டிருக்கிறது, அதற்கு இன்னும் சான்று சேர வேண்டும்.

நீ கேப் (முழங்கால் உறை), கைத்தடி இதெல்லாம் பிரயோஜனமா?

சாதாரண நீ கேப் கதகதப்பும் தைரியமும் தரும், அவ்வளவுதான். உள்பக்கம் மட்டும் தேய்ந்து கால் வளைந்தவர்களுக்கு, சுமையை மறுபக்கம் தள்ளும் பிரேஸ் உதவலாம்.

கைத்தடி நிஜமாகவே உதவும், பிடிக்கிற கை சரியாக இருந்தால். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். அம்மா இரண்டு வருடம் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டிருந்தார், யாரும் திருத்தவில்லை. கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும்.

முழு மூட்டையும் மாற்றாமல் கொஞ்சமாகச் செய்ய முடியாதா?

முடியும், எல்லோருக்கும் இல்லை. தேய்மானம் ஒரு பக்கம் மட்டும், பெரும்பாலும் உள்பக்கம், தசைநார்கள் நன்றாக இருக்கின்றன என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றலாம். 528 பேரை ஐந்து வருடம் கவனித்த பிரிட்டன் ஆய்வு 2019-ல் வந்தது. பாதி மாற்றமும் முழு மாற்றமும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன, பாதிக்குச் செலவு குறைவு. நீண்ட காலத்தில் மறு அறுவைக்கு வாய்ப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். இதை அடிக்கடி செய்கிற மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்று எலும்பை வெட்டிக் காலின் கோணத்தை நேராக்குவது. வயது குறைந்த, உடலுழைப்பு அதிகமான, வளைந்த கால் உள்ளவர்களுக்கு ஏற்றது. குணமாக மாதக் கணக்கில் ஆகும், ஆனால் சொந்த மூட்டு தங்கும். ஐம்பதுக்குக் கீழே இருப்பவர் இதைப் பற்றிக் கேட்காமல் முழு மாற்றத்துக்குச் சம்மதிக்க வேண்டாம்.

அப்படியானால் எப்போதுதான் "சரி, செய்துவிடலாம்" என்று முடிவெடுப்பது?

நாங்கள் வலியை எண்ணால் அளந்துகொண்டிருந்தோம். இன்று ஏழு, நேற்று ஆறு என்று. அது எங்களை ஏமாற்றியது. அம்மாவின் வலி கடைசி வருடத்தில் அதிகரிக்கவே இல்லை, ஏனென்றால் அவர் வலிக்கிறதையெல்லாம் நிறுத்திவிட்டிருந்தார். மாடிக்குப் போவதில்லை. கல்யாணத்துக்கு அழைத்தால் "நீங்கள் போய்வாருங்கள்" என்பார். இரண்டு படி இறங்கவும் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதத்தையும் வைத்து இறங்குவார். ஒரு நாள் உட்கார்ந்து, அவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது. அந்தத் தாளைத்தான் மருத்துவரிடம் கொடுத்தோம்.

மூன்று மாதம் முறையான பயிற்சி, முடிந்த அளவு எடைக் குறைப்பு, சரியான மருந்து எல்லாம் செய்தும் வலியில் தூக்கம் கெடுகிறது, பட்டியல் நீண்டுகொண்டே போகிறது என்றால் அறுவையைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிற சிகிச்சை அது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அறுவைக்குப் பிறகும் வலி நீடிக்கிறது, சுமார் நூறில் ஒருவருக்கு ஆழமான தொற்று வரலாம். இதைச் சொல்கிற மருத்துவரை நான் அதிகம் நம்புவேன்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கவே கூடாது?

காய்ச்சலோடு முட்டி திடீரென்று சூடாகி வீங்கினால் அன்றே போக வேண்டும். விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், ஓய்வில்கூட விடாத இரவு வலி புதிதாக வந்தாலும் அப்படித்தான். அப்புறம், முட்டியில் ஒன்றும் பெரிதாகத் தெரியாமல் வலி மட்டும் இருந்தால் இடுப்பு மூட்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இடுப்புக் கோளாறு முட்டியில் வலியாகத் தெரிவதுண்டு.

அறுவைக்குத் தேதி குறித்துவிட்டோம். இதுவரை செய்த பயிற்சியெல்லாம் வீண்தானா?

இல்லவே இல்லை. புது மூட்டை நடக்க வைப்பதும் அதே தொடைத் தசைதான். அறுவைக்குப் பிறகு முதல் சில வாரங்களில் அந்தத் தசை வேகமாக வற்றும், முன்பே தசையைச் சேர்த்து வைத்தவருக்கு அந்த இருப்பு பெரிய துணை. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அந்த முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் தொற்று அபாயம் கூடும். "போகும் வரை வலி தெரியாமல் இருக்க" என்று யாராவது போட வந்தால் தேதியைச் சொல்லித் தடுத்துவிடுங்கள். பல் சொத்தை, சர்க்கரை, புகைப் பழக்கம் ஆகியவற்றையும் அதற்குள் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நாற்காலிப் பயிற்சியை அறுவைக்கு முந்தின நாள் வரை விடாதீர்கள். அம்மா விடவில்லை. மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை, பையெல்லாம் கட்டி வைத்த பிறகு, பத்து தடவை எழுந்து உட்கார்ந்தார். பத்தாவதில் எழுந்து நின்றபடியே, "இடதுக்கு இது போதும்போல இருக்கிறதே" என்றார்.